முடங்கிக் கிடப்பதற்கு ஒரு பழைய சொல்

ஜனவரி 4, 2025, சனி

விடுமுறை. பத்து மணிக்கும் கட்டிலில். மெல்பேணிலிருந்து மகள் தர்சினி ஃபோனில் சிரித்தாள். "அப்பா, யூ ஆர் ஹர்க்கிள்-டர்க்லிங்." எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல் கிடப்பதற்கு ஸ்கொட்லாந்தின் பழைய சொல்லாம். எங்கள் வீட்டில் இதற்குப் பஞ்சி என்று பெயர். மனைவி ரஞ்சினி சொல்லும்போது என் பெயரும் சேர்ந்து வரும்.

இன்று முருகன் கோவிலில் மார்கழிக் கடைசிப் பத்து நாள் விடியற்பூசை தொடக்கம். கடைசி நாள் பாட்டை ரஞ்சினிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட்டிப்போவதாகச் சொன்னவன் நான். நாளையிலிருந்து கட்டாயம்.

ஜனவரி 6

கட்டிலிலேயே ஆராய்ச்சி. இருநூறு வருடத்துக்கு முந்திய ஸ்கொட்ஸ் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஹர்க்கிள் என்றால் உடம்பைக் குறுக்கி ஒடுங்குவது. பாவம், குளிருக்கு முடங்கியிருப்பார்கள், சோம்பல் என்ற பழி பிறகு ஒட்டியிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்கும் ஒரு நியாயம். ஆனால் எங்கள் செவன் ஹில்ஸில், மெல்பேணைப் போலவே, இப்போது கோடை. முடங்குவதற்காக ஏசியைப் போட்டேன்.

ஜனவரி 7

அலாரத்தை நிறுத்தி "அஞ்சு நிமிஷம்" என்றேன். மேய்ஸ் ஹில் கோவிலுக்குப் போய்ச் சேர, தீபாராதனை முடிந்து ஆட்கள் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். திரும்பும் வழியில் சொல்லின் வரலாற்றைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"முதல் குரல் என்ர. மற்றவையோட சேர்ந்து பாடிப் பழக வேண்டாமே? உங்களுக்கு விளங்குதோ?" குரல் உடைந்துவிட்டது.

நானும் ஒரு மனிசனோ?

ஜனவரி 8

விடிய முன்னம் பக்கத்துத் தெரு ஹம்சாவின் கார் வந்தது. ஏறிப் போய்விட்டாள். இனி ஆசை தீரக் கிடக்கலாம் — நித்திரை வரவில்லை.

ஜனவரி 10

ஏசி இல்லாமலும் படுத்துப் பார்த்தேன். அதே.

ஜனவரி 13, திங்கள்

ஒருவரும் எழுப்பாமலே எழும்பினேன். முழுகி, வேட்டி கட்டி, காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். ரஞ்சினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஹம்சா வந்திட்டா. நான் போட்டு வாறன்."

பின்னால் தனியே ஓட்டிப் போனேன். கடைசி நாள் பாட்டின் முதல் வரியை அவள் எடுத்தாள். கொஞ்சமும் தடுமாறவில்லை. நான் இல்லாமல் பழகிய குரல்.

"நல்லாப் பாடினீர்" என்றேன்.

"ஓம்" என்று பிரசாதப் பொங்கல் பாத்திரத்தை என் கையில் தந்தாள். "ஹம்சா வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். இதைக் கொண்டுபோய் வையுங்கோ."

காரில் பக்கத்துச் சீற்றில் பாத்திரத்தை வைத்தேன். ஆள் இருக்கிறதென்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே வந்தது. வழியில் ஒரு சிக்னலில் நிறுத்தி, பொங்கலுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன்.