சாவி என் கையில், ஸ்பேனர் உங்கள் கையில்

என் அன்பு மாமாவுக்கு,

கார் சரியாகிவிட்டது. இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இது அச்சில் வரப்போகிறது, உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் கணவரின் அப்பா. அவர் மஸ்கட்டில் இருக்க, ஆரியசாலைச் சந்து வீட்டில் நாம் இருவர் மட்டும்தான். நான் தினமும் கழக்கூட்டம் ஆபீசுக்குக் காரில் போகிறவள். அந்தக் கார் நினைத்தால் எடுக்கும், நினைத்தால் எடுக்காது. எடுக்காத நாளில் நான் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் பானெட்டைத் திறந்து, வீல் ஸ்பேனரால் ஸ்டார்ட்டர் மோட்டாரில் ரெண்டு தட்டு தட்டுவீர்கள். உடனே எடுத்துவிடும். "போயிட்டு வா மக்களே. நம்ம ரெண்டு பேரும் இருக்க வரைக்கும் இதுக்கு மெக்கானிக் எதுக்கு" என்பீர்கள்.

மெக்கானிக்கிடம் போகாமலும் இல்லை. ஒர்க்ஷாப் வாசலில் அது ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. மெக்கானிக் சஜி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் எடுக்கும். "அண்ணாச்சி, குறை என்டெ முன்னாடி வரணும். இல்லேல் நான் எதைப் பிடிக்கும்?" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக் கையை விரிப்பான். பேட்டரி மாற்றினோம், டெர்மினலைச் சுரண்டினோம். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகுமே, அந்த மாதிரி என்று சிரித்தீர்கள்.

அன்று காலை உங்களுக்கு நெஞ்சை அடைத்தது. சட்டையெல்லாம் வேர்வை. முன் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆட்டோவைக் கூப்பிட நான் போனை எடுப்பதற்குள் நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

"ஆட்டோ வாறதுக்குள்ள நான் தட்டிருவேன். நீ திருப்பு."

திருப்பினேன், மாமா. வேறு என்ன செய்திருக்க வேண்டும்? கார் எடுத்தது. நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தம்பானூர் தாண்டும்போது உங்கள் பேச்சு நின்றுவிட்டது. இறங்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

பதினாறு முடிந்ததும் காரை மறுபடி சஜியிடம் கொண்டுபோனேன். மோட்டாரிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன பல்பைத் தொங்கவிட்டான். "சேச்சி, வண்டி எடுக்காதப்போ பல்ப் எரிஞ்சா கரண்ட் வருது, மோட்டார்தான் கம்ப்ளெயின்ட். எரியலேல் வயர்." அதோடு வாரக்கணக்கில் ஓட்டினேன். கெட்டுப்போ, கெட்டுப்போ என்று வேண்டிக்கொண்டேன். ஒருநாள் ஆபீஸ் பார்க்கிங்கில் எடுக்கவில்லை. பல்ப் எரிந்தது. செக்யூரிட்டியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, முதல் தடவையாக நான் ஸ்பேனரோடு இறங்கினேன்.

மோட்டார் அவ்வளவு கீழே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இடுப்பை மடித்து, நெஞ்சை முன்பக்கத்து விளிம்பில் அழுத்தி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டால்தான் எட்டுகிறது. எனக்கே மூச்சு முட்டியது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிக் குனிந்தீர்கள்? கார் எடுத்த பிறகும் என்னால் நிமிர முடியவில்லை. "மேடம், ஸ்டார்ட் ஆயி, ஸ்டார்ட் ஆயி" என்று செக்யூரிட்டி சொல்லிக்கொண்டே இருந்தார்.

சஜி மோட்டாரைப் பிரித்துக் காட்டினான். உள்ளே வட்டமாகச் செம்புப் பட்டைகள். அதில் ஒன்று மட்டும் கருகியிருந்தது. கார் எடுத்ததும் மோட்டார் சுழன்று ஓயுமாம்; அப்போது அந்தக் கருகிய இடத்தில் வந்து நின்றுவிட்டால் அடுத்த தடவை எடுக்காதாம். அப்படியென்றால் அன்றைய காலை முந்தின நாள் சாயங்காலமே முடிவாகிவிட்டது. கழக்கூட்டத்தில் நான் சாவியைத் திருப்பி, அட, ஒரே தடவையில் எடுத்துவிட்டதே என்று சந்தோஷமாகக் கிளம்பினேனே, அப்போதே. யாரை நொந்துகொள்வது?

புது மோட்டார் போட்டாயிற்று. இப்போது தொட்டால் எடுக்கிறது. ஒவ்வொரு காலையும் அது எடுக்கும்போது எனக்கு உயிரே வெறுத்துப்போகிறது.

உங்கள் மகன் போன் பண்ணும்போதெல்லாம் ஒன்றைச் சொல்கிறார். "நல்லவேளை, கார் இருந்துச்சு. அப்பாவ நிம்மதியா உக்கார வச்சு நீ கொண்டுபோன." நான் மறுத்துப் பேசியதில்லை. அவருக்கு இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன் அவர் லீவில் வந்துவிடுவார். வந்த அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன், நீங்கள் இறங்கினீர்கள், நான் திருப்பினேன் என்று. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. அவர் என்மேல் கோபப்படும்போதெல்லாம் நீங்கள்தான் குறுக்கே வந்து, "அவள ஒண்ணும் சொல்லாதடே" என்பீர்கள். இந்தத் தடவை அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, மாமா.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் உமா