பரண் ஏறாத படுதா

அக்கா,

ஈரப் படுதாவின் வாடை வீடு முழுக்க நிற்கிறது. கூடத்தில் உலரப் போட்டிருக்கிறேன். மாசி மாதத்தில், அக்கா! மத்தியான மழையின் இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. நீங்கள் போன பிறகு உங்களுக்கு ஒரு வரி எழுதக் கை வந்ததில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் போகியன்று, ஓரகத்திகள் நாம் இருவரும் நெல் மூடும் மழைப் படுதாவைக் கழுவி மடித்துப் பரணில் ஏற்றினோம். இந்த வீட்டு வழக்கம் அது. "இனிமே ஐப்பசிக்கு எறக்கினா போதும். தை, மாசியில மழைக்கு இங்க என்னடி வேலை?" என்றீர்கள்.

கடல் சூடாகச் சூடாகக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், மாதம் பார்க்காமல் கொட்டித் தீர்க்கும் என்று கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்ப நாகப்பட்டினம் போயி கடல்ல ஐஸ் கட்டியக் கொட்டச் சொல்லு உன் வாத்தியார!"

நானும் சிரித்தேன். படித்ததை நானே முழுசாக நம்பவில்லை போலிருக்கிறது.

பிறகு அந்த மாசி. கொள்முதல் நிலையத்து வாசலில் நம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் அடிக்கும்போதே கிழக்கே கறுத்தது. வீட்டுக்கு ஓடி வந்தீர்கள். பரணில் ஏறிப் படுதாவை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கே ஓடினீர்கள். "நனைஞ்சா ஈரம்னு திருப்பி அனுப்பிடுவாங்கடி!" திரும்பிப் பார்க்காமலே சொன்னது. ஒரே இடி. வரப்பில் படுதா கிடந்தது. பக்கத்தில் நீங்கள்.

அதன் பிறகு படுதாவை நான் பரணில் ஏற்றுவதே இல்லை. வருஷம் முழுக்கக் கதவோரம்தான்.

இன்றும் அதே வாசலில் நெல். மறுபடி கறுத்தது. நான் என் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மகள் படுதாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். அதே நடை, அதே அவசரம். எச்சில் கையோடு ஓடி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சித்தி, விடுங்க! நெல்லு போயிடும்!"

"போகட்டும்."

"சித்தப்பா வருஷம் பூரா பட்ட பாடு சித்தி!"

"போகட்டும்னு சொல்றேன்ல!"

இழுத்த இழுப்பில் அவள் வளையல் உடைந்தது. படுதா முற்றத்தில் விழுந்து நனைந்தது. மின்னல் எங்கும் இறங்கவில்லை, அக்கா. ஒன்றுமே நடக்கவில்லை. நெல் மட்டும் போயிற்று. என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அவளைப் பார்த்தார், படுதாவைப் பார்த்தார், குனிந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கினார்.

நீங்கள் தை, மாசியை நம்பினீர்கள். நான் எந்த மாதத்தை நம்பி என் பிள்ளையை வாசலுக்கு அனுப்புவேன்?

வளையல் கீறிய இடம் உள்ளங்கையில் எரிகிறது. உங்கள் மகள் என்னோடு பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். பேச வேண்டாம். கோபப்பட அவள் இருக்கிறாள், அக்கா.