என் வாயைப் பரிசோதிக்கச் சொன்னவளுக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், கை வரவில்லை, அது ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதைப் போட்டு முடித்தால்தான் மீதியை நிதானமாக எழுத வரும்.

வீடியோவில் பேசும்போது டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தேன், புரையேறியது. யாருக்குத்தான் ஏறாது? நீ அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வயதானவர்களுக்கு மெல்லுவது, விழுங்குவது, பேசுவதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் பெண்ணிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டாய். போனேன். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நாக்கை நீட்டச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள், இந்த வயதில் எல்லாக் குரங்குச் சேட்டையும் செய்தேன். பிறகு பா, டா, கா என்று வேகமா, தெளிவா சொல்லுங்க என்றாள். தெளிவா என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. ஆயுள் முழுக்கப் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவன் நான். ஒரு சொல் கூரையில் மோதி அடங்கின பிறகுதான் அடுத்ததை விட வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அதே மாதிரி பா சொல்லி நிறுத்தி, டா சொல்லி நிறுத்தி, கா சொல்லிவிட்டு, பாராட்டப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் எண்ணியதோ வேகத்தை.

உடனே உனக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நாக்கு வேகம் குறைச்சலாத் தெரியுது, இன்னொரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணலாம் என்றுதான் அவள் சொன்னாள். நீதான் அவசரப்பட்டாய். வேண்டாம்மா, இனிமே எல்லாத்தையும் மசிச்சே குடுக்கச் சொல்லிடறேன், அப்பாகிட்ட கேக்காதீங்க, அவருக்குச் சொன்னாப் புரியாது, அடம் பிடிப்பார் என்றாய். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பேச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கக் கூட்டிப்போன இடத்தில் என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. மென்று முழுங்காமல் சொல்கிறேன், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வீட்டில் உன் பேச்சுதானே சட்டம். அம்மா கேரட், பீன்ஸ், ரொட்டி எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்து ஒரே நிறமாக வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன். வீணாகக் கூடாதென்று அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தன் தட்டை எனக்குக் கொடுத்தாள். தினமும் இதே கூத்து. நானும் தினமும் உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். ஒருநாள் திட்டுவதைப் பாதியில் நிறுத்தி அவள் தட்டைப் பார்த்தேன், வழித்துச் சாப்பிட்டிருந்தாள். அவள் என்னோடு உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் என்பாள், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடுவாள். பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்திருந்தேன். இருமல் எனக்குக் கேட்கக் கூடாதென்று திறந்திருக்கிறாள். கேட்டால் முதலில் என்னையே திட்டினாள். விடாமல் கேட்ட பிறகு, தண்ணி குடிச்சாக்கூடத் தொண்டையிலேயே நிக்குது, ரொம்ப நாளாவே இப்படித்தான், பொண்ணு பயந்துடுவா, சொல்லிடாதீங்க என்றாள். போன மாதம் நீ வீடியோவில், அம்மா இளைச்சு அழகாயிட்டே என்று கைதட்டினாய், நானும் ஆமாம் என்று சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

சத்தம் போட்டு இருமுகிறவனுக்கு ஆஸ்பத்திரி, சத்தம் வராமல் இருமுகிறவளுக்கு ஒன்றுமில்லையா? அவளிடம் நீ பேசுவதெல்லாம் அப்பா மாத்திரை போட்டாரா, அப்பா தூங்கினாரா, அவ்வளவுதான். அவளும் என்னைப் பற்றியே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

அதே ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் வியாழக்கிழமை அம்மாவுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்ல, வரமாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொன்னால் கேட்பாள். ஆனால் உத்தரவு போடாதே, பக்குவமாகக் கேள். சாப்பிட்டேன் என்றால் நம்பாதே. என்ன சாப்பிட்டே, எப்படி இறங்கிச்சு என்று கேட்டு, அவள் வாயால் பதில் வரும்வரை போனை வைக்காதே.

நீயும் மதியத்தில் நின்றுகொண்டே விழுங்காதே, உட்கார்ந்து சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி. உனக்கும் ஆசிதான், கோபத்தோடு.

இப்படிக்கு,
அப்பா

மறந்துவிடாதே: நீ போன் செய்யும்போது நான் மாடியில் இருப்பேன். என்னைக் கூப்பிடச் சொல்லாதே. எனக்குப் பயமாக இருக்கிறது, அவளோடு பேசு.