மூச்சைப் பிடித்து நின்றவளுக்கு

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் அந்த வாசனை வந்துவிட்டது. சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த சர்வீஸ்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே ஊதிச் சுத்தம் செய்தார். நான் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இதற்குள் நீ மாட்டிய எஸ்.எஸ்.டி. டிஸ்க் எக்ஸ்ரே படங்களால் நிறைந்துபோனது. இனி ஒரு படத்துக்கும் இடமில்லை என்று சில நாட்களாகவே அது முரண்டு பிடித்தது. இப்போது அதைவிடப் பெரியது ஒன்று வந்திருக்கிறது. ஒரு கேபிளில் அதைச் சொருகியாகிவிட்டது. பழையதிலிருந்து அதற்குப் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது கம்ப்யூட்டர். சர்வீஸ்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானதால் சென்டர் பூட்டிக் கிடக்கிறது. உன் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்த எக்ஸ்ரே சென்டரில் நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் சேர்ந்தோம். நான் படம் எடுப்பவள், நீ ரிப்போர்ட் அடிப்பவள். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் இந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இரண்டு வேலையும் நடந்தன. காலையில் நீ வந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசலைப் பெருக்கி, எதிர்க்கடையில் சாயா வாங்கிக் குடித்துவிட்டு வருவாய். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "இந்த சவம் எழும்பதுக்குள்ள எனக்க கல்லறையில புல்லு மொளச்சிரும்" என்பாய். எனக்குச் சாயா கொண்டுவரும் ஆள்கூடச் சிரிப்பார்.

ஒருநாள் காசை விழுங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். படம் எடுத்தாகிவிட்டது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கண்ணாடியில் தட்டித் தட்டி அழுதாள். காசு வயிற்றுக்குள் இறங்கியிருந்தது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் போனதும் நீ நேராக முதலாளியின் அறைக்குள் போனாய். உன் குரல் வெளியே எனக்குக் கேட்டது. "ஒங்களுக்க பேரப்பிள்ளையா இருந்தா இப்படிப் பாத்துட்டு இருப்பியளா சார்?" பழைய டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்க அவர் சம்மதித்தார். மாட்ட ஆள் வர நாளாகும் என்றதற்கு, நானே மாட்டுகேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். வீட்டில் மகளுடைய கம்ப்யூட்டரில் அந்த வேலையை நீ ஏற்கெனவே செய்திருந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தாய். வெள்ளைச் சேலை, கைப்பையில் பைபிள், இன்னொரு பையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். இருமிக்கொண்டே படியேறினாய். மழை தொடங்கியதிலிருந்தே அந்த இருமல் இருந்தது. டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு உன் பையிலேயே கிடந்து மடங்கிப் போயிருந்தது. கேட்டால், "கூட்டம் கொறயட்டும்" என்பாய். கூட்டம் குறைந்த நாளே கிடையாது.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு ஏற்ற விட்டுவிட்டு, நாம் தரையில் பேப்பரை விரித்துச் சாப்பிட்டோம். சவூதியில் லாரி ஓட்டும் உன் கணவர் கிறிஸ்துமசுக்கு வரப்போவதைச் சொன்னாய். மகள் நர்சிங் சேரவா, கம்ப்யூட்டர் படிக்கவா என்று தினமும் ஒன்று சொல்கிறாள் என்றாய். ஏற்றி முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து மூடியைத் திறந்தாய். பழைய டிஸ்க் இருந்த இடம் பெரியது, புதியது உள்ளங்கைக்குள் அடங்குவது. அதை நிறுத்தத் தட்டு எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வெட்டி உட்சுவரில் ஒட்டிவைத்தாய். ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, டிஸ்க்கே இல்லை என்று. பயத்தில் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை பேருடைய படங்கள் அதற்குள்!

"பேடிக்காத மக்கா. எதுலேருந்து எழும்பணும்னு அதுக்குத் தெரியல்ல. நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்றாய். வயரை ஒருமுறை கழற்றி அழுத்திச் சொருகினாய். நீல நிறத் திரை ஒன்றுக்குள் போய் எதையோ மேலே கீழே மாற்றினாய். மறுபடி ஸ்விட்ச். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் எல்லாம் திரையில் வந்து நின்றது. நீ கைதட்டினாய். "கொள்ளாம்லா! பாத்தியாட்டி?"

இனி ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துத்தான் சோதிப்போம். நான் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் நீ காதில் கிடந்ததையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி என் கையில் தந்துவிட்டாய்.

"பாட்டில எடுத்து என்னத்தப் பாக்க? என்னய எடு. எப்படியும் எடுக்கணும்லா. இன்னைக்குன்னா கூட்டமும் இல்ல."

பெயர் கேட்கும் இடத்தில் நானே 'டெஸ்ட்' என்று அடித்தேன். நீ கவுனை மாட்டிக்கொண்டு வந்து பலகையோடு நெஞ்சை ஒட்டி நின்றாய். தோள்களை முன்னால் தள்ளச் சொன்னேன். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ" என்றாய். நான் பலகைக்கு அப்பால் இருந்த கண்ணாடிக்குப் பின்னால் வந்து, "மூச்ச இழு. பிடிச்சுக்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

படம் உடனே வந்துவிட்டது. பழைய டிஸ்க்காக இருந்திருந்தால் அந்த வட்டம் சுற்றியிருக்கும். உன்னை மூச்சு விடச் சொல்லியிருப்பேன், நீ கவுனைக் கழற்றிச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்திருப்பாய், எதையாவது பேசிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்திருப்போம். அந்த அவகாசம் இல்லாமல் போனது. இடது பக்கம், மேலே, விலா எலும்புகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று, எலுமிச்சம்பழ அளவில். அதன் ஓரங்கள் ஒழுங்கில்லாமல் நாலாபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஓரங்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நீயும் பார்த்திருக்கிறாய்.

"மூச்சு விடலாமாட்டி?" உள்ளேயிருந்து அடைத்த குரல் வந்தது. சொல்ல மறந்துபோயிருந்தேன்.

"விடு."

இருமல் ஓய்ந்ததும் மறுபடி கேட்டாய். "ஸ்பீடா வந்துதா?"

"ம். வந்துட்டு."

நீ வந்து என் தோளுக்கு மேலே குனிந்தாய். பிறகு மௌஸை என் கையிலிருந்து வாங்கி அந்த இடத்தைப் பெரிதாக்கினாய். வெளிச்சத்தைக் கூட்டினாய், குறைத்தாய்.

"நிமோனியாவா இருக்கும். மருந்து எடுத்தா போயிரும்" என்றேன்.

"நான் இத எத்தன வருசமா அடிக்கேன், ஏட்டி."

நாகர்கோவிலில் இருக்கும் நம் டாக்டருக்குப் படத்தை அனுப்பினோம். எல்லாப் படங்களையும் அவர் அங்கிருந்தே பார்த்துப் போனில் சொல்ல, நீ அடிப்பாய். அன்றும் சற்று நேரத்தில் கூப்பிட்டார். நான் எடுக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டு நீயே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாய்.

"ஞாயித்துக்கிழமையும் வேலையாம்மா? சரி, அடிச்சுக்கோ" என்று தொடங்கினார். எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு பெரியது, ஓரம் எப்படி. அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். எங்கும் தடுமாறவில்லை, ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கடைசி வரியைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தேகம்னு போட்டுக்கோம்மா. ஆனா எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல. வீட்டு ஆளுககிட்டச் சொல்லு, பேஷண்ட்கிட்ட நேரா சொல்லாத. ஆமா, பேரு டெஸ்ட்னு வந்திருக்கே, யாரு இது?" என்றார்.

"நாந்தான் சார்."

"யாரு?"

"நாந்தான் சார். புது டிஸ்க் போட்டோம். சரியா வருதான்னு பாக்க நான் நின்னேன்."

"மோளே" என்றார் டாக்டர். மகளே என்று அவர் உன்னை அழைத்து நான் கேட்டதில்லை. நாளைக்கே திருவனந்தபுரம் போக வேண்டும், அங்கே தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லிவைக்கிறேன் என்றார். நீ எல்லாவற்றுக்கும் "செரி சார்" என்றாய். ரிப்போர்ட்டில் டெஸ்டை அழித்துவிட்டு உன் பெயரையும் வயதையும் அடித்தாய். பிரிண்ட் எடுத்து உறையில் போட்டாய். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கீழே உட்கார்ந்து, திறந்து கிடந்த மூடியைப் பொருத்தி ஒவ்வொரு திருகாக முறுக்கினாய். "தொறந்து கெடந்தா தூசி ஏறும்" என்றாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு திருவனந்தபுரம் பஸ் நமக்குப் பழகிப்போனது. மகளுக்குப் பரீட்சை இருக்கும் நாட்களில் நான் லீவு போட்டு உன்னோடு வந்தேன். களியக்காவிளை தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வாய். திரும்பும்போது மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், வாந்திக்கு. உன் கணவர் வந்தார், இருந்தார். லீவு முடிந்ததும், மருந்துக்கு வழி வேண்டுமே என்று போனார். முடி போன பிறகும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நீ வேலைக்கு வந்தாய். விரல்நுனிகள் மரத்துப்போய்விட்டதால் கீபோர்டைப் பார்த்துத்தான் அடிக்க முடிந்தது. மற்றவர்களுடைய நெஞ்சுக்குள் இருந்ததையும் நீதான் அடித்தாய். நான் அடிக்கிறேன் என்று சொன்னால் கோபம் வரும். "ஒன்னுமில்லன்னு வாற ரிப்போர்ட்டும் வருதுல்லா. அத யாரு அடிக்க?"

ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், உன் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும்போது சொன்னாய்: "அன்னைக்கு நான் படத்தப் பாத்து தெரிஞ்சுக்கல்ல, கேட்டியா. கண்ணாடி வழியா ஒனக்க மொகத்தப் பாத்தேன். மூச்சப் பிடிச்சிட்டு நிக்கும்போ வேற எங்க பாக்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். உன் விரல்கள் என் கையை உணர்ந்தனவா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆடி மாதச் சாரலில் உன்னால் எழுந்து நடக்க முடியாமல் போனது. முன்னறையில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்றது. நான் வந்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு வார்த்தைதான் வந்தது உனக்கு. மகள் கஞ்சி ஆற்ற அடுக்களைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னை அருகில் அழைத்தாய்.

"பிள்ளைக்கு... இருமல்... வந்தா... நீயே எடு. வச்சிட்டு... இருக்க... விடாத."

சரி என்றேன். இருமல் வரட்டும், வராமல் போகட்டும், வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுகிறேன் என்றேன். நீ தலையை ஆட்டினாய். அந்த வாரமே போய்விட்டாய். மழை விடவில்லை. குழிக்குள் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரை வாளியால் கோரி வெளியே கொட்டிவிட்டுத்தான் உன்னை இறக்கினார்கள். இறக்கி முடிப்பதற்குள் மறுபடி ஊறியது. உன் மகள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று அவளுக்கு முன்னால் குடையைச் சாய்த்துப் பிடித்தேன். பார்த்துவிட்டாள்.

நர்சிங் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் விடுதியிலிருந்து வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேராக இங்கே வந்தாள். "கொஞ்சம் இருமல் இருக்கு, சித்தி. பேடியா இருக்கு" என்றாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே காத்திருந்தவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிப் போனேன். தோளை முன்னால் தள்ளி நிற்பது உன்னைப் போலவே இருந்தது. பொத்தானை அழுத்தியதும், "மூச்சு விடு மக்களே" என்று முதலில் சொன்னேன். அதன் பிறகு திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். தூசி அலர்ஜிதான். அந்த ரிப்போர்ட்டை நான் அடித்தேன். அவள் கையில் வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

இன்று சர்வீஸ்காரர் வேலையைத் தொடங்கும் முன் கேட்டார், பழைய படங்களையும் ஏற்றணுமா என்று. குறிப்பிட்ட காலத்துக்கு முந்தியவை வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். உன்னுடைய படமும் அந்த வேண்டாதவற்றில் வரும். நானும் விட்டுவிடச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாளும் அதை நான் திறந்ததில்லை. பிறகு ஒரு பெயரைக் காட்டி, இந்தப் படத்தை முதலில் ஏற்றுங்கள் என்றேன்.

"இது யாருக்க படம், சேச்சி?"

"எங்களுக்க பிள்ளைக்க படம்."

அவர் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். திரையில் பச்சைக் கோடு இன்னும் பாதிகூட நகரவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைத் திறந்தேன். போன மாதத்திலிருந்து எத்தனை தடவை திறந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது, நானே அடித்தது, எல்லாம் தெரியும். ஆனாலும் இடது பக்கம், மேலே, அந்த இடத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.