உம்ம படகு ஸ்லோவில் ஏன் நின்றது என்றால்

அன்பு மச்சான் அந்தோணி,

நீர் போய் மூன்று மாதமாகிறது. பேட்டையிலுள்ள என் பட்டறையில் உம்ம படகின் இன்ஜின் என் முன்னால் இருக்கிறது. நேற்று அதைத் திறந்து பார்த்தேன். இதை உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உம்ம வீட்டுக்காரி ஜெசிந்தாதான் வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாள். "காதர் அண்ணே, இதைச் சரியாக்கித் தாங்க, வித்துரலாம். அவுக குடிச்சிட்டுத்தான் படகை ஓட்டுனாகன்னு ஊரே பேசுது. எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள். நீர் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆயிற்றே! கூடவே இருந்தவளையும் நம்பவைத்துவிட்டார்களே, பாவிகள்.

கரையில் நின்றவர்கள் பார்த்தது இவ்வளவுதான். ஆற்று முகத்துவாரத்தில் அலைக்காக வேகத்தைக் குறைத்தீர். படகு குறுக்கே திரும்பியது. நீர் தூக்கியெறியப்பட்டுத் தண்ணீரில் மூழ்கிப்போனீர். இன்ஜின் அணைந்துபோனது யாருக்குத் தெரியும்?

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நன்றாக உறுமுகிறது. விட்டால் சற்று நேரத்தில் செத்துவிடுகிறது. பில்டரை மாற்றினேன். பெட்ரோல் பம்ப்பைச் சோதித்தேன், குறையில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினேன். ஊஹூம். கடைசியில், ஸ்லோவில் ஓடும்போது காற்று இழுக்கும் அந்தச் சின்னத் துவாரத்தைத் துழாவினேன். உள்ளே துணி.

நான் இடுப்பில் கட்டும் சாரத்தின் கட்டம், மச்சான். நீலமும் சிவப்பும்.

உங்கள் கோயில் திருவிழாவுக்குப் படகுக்குப் பெயிண்ட் அடிப்பீர்களே, அப்போது இன்ஜினுக்குள் தெறிக்கக்கூடாது என்று பழைய சாரத்தைக் கிழித்துத் துவாரங்களை அடைத்தவன் நான்தான். மற்றதையெல்லாம் உருவிவிட்டேன். இதை மறந்தேன்.

மறந்ததைக்கூட விடும். திருவிழா முடிந்து, "வே காதரு, ஸ்லோவுல நிக்குதுவே, என்னன்னு பாரும்" என்று வந்தீரே! ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது எனக்கு. எதையும் திறந்து பார்க்காமல் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருகி அப்போதைக்கு ஸ்லோ வேகத்தை ஏற்றிவிட்டேன். "இனிமே நிக்காது, தைரியமாப் போம்" என்றேன். என் பேச்சை நம்பிப் போனீர்.

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "வெளிய சொல்லிராதீங்க. நாளைக்கு ஒருத்தன் பட்டறைக்கு வருவானா? போனவுக திரும்பியா வரப்போறாவ?" என்று அழுகிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குடிகாரன் என்ற பேரோடு உம்மைக் கல்லறையில் போட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு தொழுகைக்கு நிற்பேன்? அல்லாஹ் கேட்கமாட்டானா?

வருகிற ஞாயிறு உங்கள் ஊருக்கு வருகிறேன். பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுவேன்: அந்தோணி குடிக்கவில்லை, தப்பு என்னுடையது. இது சத்தியம். அதற்கப்புறம் ஜெசிந்தா என்னை அண்ணன் என்று கூப்பிடமாட்டாள். கூப்பிடாவிட்டாலும்,

உம்ம மச்சான்தான்,
காதர்