பதினேழாம் இலக்க வீடு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

என் அன்புத் தம்பி ஜொனாதனுக்கு,

அந்தோனியார் உன்னைக் காப்பாராக. இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் கதைத்தால் நான் அழுவேன், நீ உடனே 'ஸொறி அக்கா' என்பாய், அதோடு எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிடும். அப்படி முடிய எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இருந்து வாசி.

அத்தானின் ஈரலில் கட்டி. வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கட்டிலோடு கிடக்கிறார். கொச்சிக்கடைக் கோயிலடியில் எங்கள் கச்சான் கடலை வண்டி நின்ற இடத்தில் இப்போது வேறு யாரோ சோளம் அவித்து விற்கிறான். அக்கம்பக்கத்து ஒழுங்கைச் சனம் யோகராஜ் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டார் என்று கதைக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்குக்கூட ஒரு சொட்டுத் தொடாத மனிதர் அவர்.

அவர் என்ன சாப்பிட்டார் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூட்டை வந்ததும் நானும் அவரும் தரையில் சாக்கை விரித்துக் கச்சான் பொறுக்குவோம். திரண்டது வண்டிக்கு. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது வீட்டுக்கு. வாங்குகிற சனத்துக்குக் கெட்டதைக் கொடுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். சாப்பாட்டுச் சாமானை எறியக்கூடாது என்பது என்னுடைய சட்டம். கருக வறுத்து, செத்தல் மிளகாய் வைத்து அரைத்தால் பாண் துண்டோடு தொட்டுக்கொள்ள நல்ல சம்பல். கசப்புத் தெரியாமல் இருக்கப் புளியைக் கூட்டிவிடுவேன். பத்தொன்பது வருடமாக அது இல்லாமல் அவருக்குப் பாண் இறங்கியதில்லை. நீயும் படிக்கிற காலத்தில் கம்பசுக்கு ஒரு போத்தல் கொண்டுபோவாய்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓகஸ்டில் உன் ஆராய்ச்சிக்காக இரண்டு வெள்ளைக்காரரோடு வந்தாயே. வண்டிக் கச்சானில் ஒரு பை, சம்பல் போத்தலில் இருந்து ஒரு பை எடுத்து, நீயே நம்பர் எழுதி ஒட்டினாய். எங்கள் பெயர் வெளியே வராது என்று ஒரு போமில் கையெழுத்தும் வாங்கினாய். அத்தானுக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் படவில்லை. எட்டு நாட்டுக் கச்சானோடு நம்மட கச்சானும் சோதனைக்குப் போகுது, செய்யிறது என்ட மச்சான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

போன மாதம் மகள் டெனிஷா வெள்ளவத்தையில் டியூஷன் முடிந்து வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி அடுப்படிக்கு வந்து நின்றாள். அவள் நீட்டிய போன் வீடியோவில் நீ மேடையில் பேசிக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் திரையில் என் சிவப்பு மூடிப் போத்தல். எங்கள் பெயருக்குப் பதிலாக வீட்டு இலக்கம் பதினேழு என்று எழுதியிருந்தது. விற்கிற கச்சான் சுத்தமாம். வீட்டில் தின்கிறதில் பூஞ்சண நஞ்சு அனுமதித்த அளவைப் போல முப்பது மடங்காம். வறுத்தாலும் அது போகாதாம். வருடக்கணக்கில் தின்றால் ஈரலைக் கெடுக்குமாம். பிள்ளை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் மிச்சக் கச்சானைச் சம்பலுக்கு வறுத்துக்கொண்டு நின்றேன்.

நீ பேசியது போன வருடம் மார்ச்சில். அதற்குப் பிறகும் பதின்மூன்று மாதம் நாங்கள் அந்தப் போத்தலில் இருந்துதான் தின்றிருக்கிறோம்.

ஊட்டியது என் கைதான் தம்பி. அதை உன் தலையில் போடவில்லை. இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல ஏலாது என்று டொக்டரும் சொன்னார். ஆனால் நான் தெரியாமல் செய்தேன், நீ தெரிந்துகொண்டு இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து இன்றைக்கு என்ன சாப்பாடு அக்கா என்று கேட்பாய். பாணும் சம்பலும் என்பேன். நீ சிரிப்பாய்.

தனி ஆட்களுக்கு முடிவைச் சொல்லக்கூடாது என்பது திட்டத்தின் சட்டம் என்று டெனிஷாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். இருக்கட்டும். அறியாத ஏழைச் சனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்த மேடையில் சொன்னாயே, அந்தச் சனம் யார் என்று நினைத்தாய்? பிரிஸ்பேனில் இருந்து ஒரு வரி, அக்கா அந்தப் போத்தலை எறி என்று. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

டெனிஷாவின் இரத்தத்தையும் சோதித்தோம். இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். அந்த 'இப்போதைக்கு' என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

அத்தானுக்கு இது எதுவும் தெரியாது. போத்தலை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கை தவறி விழுந்தது என்றேன். தம்பியின் ரிசல்ட் வந்துதா என்று நாள் தவறாமல் கேட்கிறார். நம்மட கச்சான் பாஸ் பண்ணியிருக்கும், இருந்து பாரும் என்கிறார்.

அவருக்கு ஒரு கடிதம் எழுது. உங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த தாளில், தமிழில் எழுது. வண்டிக் கச்சான் சுத்தம், நீங்கள் சனத்துக்குக் கெட்டதை விற்கவில்லை என்று எழுது. அது உண்மைதானே. போத்தலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்த உனக்கு இன்னும் கொஞ்ச நாள் கஷ்டமாக இராது.

கெதியாக அனுப்பு. ஜூன் திருவிழா வரைக்கும் அவர் தாங்குவாரோ தெரியாது.

இன்றைக்குக் கோயிலில் உனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கொளுத்தாமல் வர மனம் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. பார்த்துச் சாப்பிடு.

உன் அக்கா,
யூஜினா