பதினேழாம் எண் பெட்டிகள்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் மூன்று பாட்டில் திரும்பி வந்திருக்கிறது. போன வாரம் நான் பார்த்து அனுப்பிய பெட்டிகளில், குளுக்கோஸுக்குள் தூசி மிதந்ததாம். மூன்றின் பெட்டியிலும் பதினேழாம் எண் முத்திரை. பதினேழு என்றால் நான்.

பன்னிரண்டு வருஷமாக வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்துப் பார்த்து, மிதப்பது எதுவானாலும் ஒதுக்குகிறவள். யாருடைய நரம்பிலோ ஏறப்போகிற தண்ணீர் இது. இத்தனை வருஷம் தப்பாதது இப்போது மட்டும் எப்படித் தப்பும்? யாரோ வேலை காட்டுகிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆறு தடவை கழிவறைக்கு ஓடினேன். குடலில் அழற்சி என்பது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வேலை செய்யும் இடத்தில் சொன்னால் அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரியும். பக்கத்து இருக்கையில் ரேடியோ அக்கா. வாய் ஓயாததால் வந்த பெயர்.

நான் ஓடும்போதெல்லாம் என் பெட்டியும் முத்திரையும் மேஜை மேலேயே கிடக்கின்றன. நாலாவது தடவை திரும்பி வந்தபோது பார்த்தேன், அவள் கை என் பெட்டிக்குள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, பெட்டி சாயுற மாதிரி இருந்துச்சு. அதான் பிடிச்சேன்."

பெட்டி சாயவில்லை. மேஜை மேல் இருக்கிற பெட்டி எதற்குச் சாயும்?

மார்ச் 6, வியாழன்

முத்திரையைக் கழிவறைக்கே எடுத்துப் போகிறேன்.

மார்ச் 10, திங்கள்

முத்திரை என் கையில்தான் இருந்தது. இருந்தும் இரண்டு பாட்டில். அப்படியானால் முத்திரை குத்திய பிறகு கெட்ட பாட்டிலைப் போட்டு, நல்லதை எடுத்துக்கொள்கிறாள். கெட்டிக்காரி.

வீட்டில் அலமாரிக் கதவு நெற்றியில் இடித்தது. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. "ஏன் திறந்து வைக்கிறீங்க?" என்று கத்தினேன். "இப்பதானே நீயே திறந்த?" என்கிறார். இவரையும் கவனிக்க வேண்டும்.

குடலுக்கான வெள்ளை மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். வயிற்று டாக்டரிடம் போனால் குழாய் விட்டுப் பார்க்கணும் என்பார். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையிலேயே தருகிறார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

மார்ச் 13, வியாழன்

ரேடியோ அக்கா மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார்.

"ஆதாரம் இருக்காம்மா?"

"என் கண்ணால பார்த்தேன் சார்."

மதியமே அவளைப் பாட்டில் கழுவும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். ரேடியோ அணைந்து இன்றுதான் பார்க்கிறேன். குற்றம் செய்யாதவள் என்றால் சண்டை போட்டிருக்க மாட்டாளா?

மார்ச் 21, வெள்ளி

பதினொன்று.

பக்கத்து இருக்கை காலி. முத்திரை என்னிடம். பெட்டிக்குப் பூட்டு போடாத குறை. பதினொன்று! யார் போட்டது? சூப்பர்வைசரேவா? என்னைத் துரத்திவிட்டு அவருடைய மச்சினியை உட்காரவைக்கப் பார்க்கிறாரா?

"கண்ணைக் காட்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பலகை முன்னாடி உட்கார வேண்டாம்" என்றார். இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 24, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் பட்டனை அழுத்த வேண்டும். பாதி நேரம் ஒன்றுமே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"மிஷின் கோளாறும்மா. லைட்டே வரல."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்றாள் மிஷினை இயக்கிய பெண். ஆன்ட்டியாம்.

விடுவேனா? கூட வந்த வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்று கேட்டேன். டக். டக். டக். டக். நிற்கவே இல்லை. என் முறையில் அத்தனை நேரம் அமைதியாக இருந்ததே — அப்போதெல்லாம் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.



மார்ச் 25, செவ்வாய்

நேற்று மீதியை எழுத முடியவில்லை.

க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு தேய்ந்திருக்கிறதாம். இரண்டு கண்ணிலும் மேல்பக்கப் பார்வை திட்டுத் திட்டாகப் போய்விட்டது. படத்தில் கறுப்பாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கறுப்பாக ஒன்றும் தெரியவில்லையே? இல்லாத இடத்தை மூளையே நிரப்பிக் காட்டுமாம்.

டாக்டர் கேட்டார்: "வயிறு எப்படி இருக்கு?" கண்ணைக் காட்ட வந்தவளிடம் வயிற்றை ஏன் கேட்கிறார்? வயிற்று டாக்டரோடு ஏதாவது கமிஷனா? "ஒண்ணுமில்ல" என்றேன். வீட்டுக்காரர் கனைத்தார். "மூணு வருஷமா குடல்ல புண்ணு, டாக்டர். மாத்திரை சாப்பிடறா." கட்டிய மனுஷனே காட்டிக் கொடுத்தார்.

கண்ணுக்குள் பழைய வீக்கத்தின் தடம் இருப்பதைப் பார்த்துத்தான் கேட்டாராம். "உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாம சொந்தக் குடலையே அடிக்குது. சிலருக்கு அது கண்ணையும் விடாது. உள்ள வீங்கினா தண்ணி வடியற வழி அடைபடும். அது போக, இந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. அதுவும் அழுத்தத்தை ஏத்தும். உங்க விஷயத்துல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது வேற ஆபத்து. வயிற்று டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

"போனது?"

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம்."

சொந்த ஆளையே அடிக்கிறது என்றாரே, அது சுருக்கென்று தைத்தது. குடலைப் பற்றி மட்டுமா சொன்னார்? பதினொன்று. ரேடியோ அக்கா போன பிறகுதான் பதினொன்று.

ஏப்ரல் 2, புதன்

கழுவும் பகுதிக்குப் போனேன். ரேடியோ அக்கா முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றாள். வீட்டில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

"அக்கா, என் பெட்டியில என்ன பண்ணீங்க?"

கையிலிருந்த பாட்டிலைக் கழுவி வைத்தாள். "நீ எழுந்து ஓடறப்போ கெட்டதைப் பொறுக்கி எடுத்தேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு இருக்கும். மேல ஏறுற தூசி உன் கண்ணுல படவே இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிடி சொல்றது? முத்திரையைத் தூக்கிட்டுக் கழிவறைக்குப் போறவகிட்ட?" பிறகு குரல் இறங்கியது. "வேலை போயிடுமேன்னு பயந்தேன். நானும் தப்புதான் பண்ணேன். என் கைக்கும் தப்பிச்சு எத்தனை போச்சோ."

அங்கேயே அழுதேன். அவளும்.

ஏப்ரல் 3, வியாழன்

புகார் பொய் என்றும், என் கண்ணும் குடலும் எப்படி இருக்கின்றன என்றும் எழுதிக் கொடுத்தேன். என் முத்திரை உள்ள பெட்டிகளை எல்லாம் திரும்ப வரவழைக்கிறார்கள். எனக்கு இனிப் பலகை இல்லை, கிடங்கு வேலை. ரேடியோ அக்கா பழைய இடத்துக்குப் போகிறாள்.

மே 12, திங்கள்

கண் அழுத்தம் இறங்கியிருக்கிறது. வயிற்றுக்கும் வேறு மருந்து. இவருக்கு லீவு கிடைக்கவில்லை, கண் ஆஸ்பத்திரிக்கு ரேடியோ அக்காதான் கூட வந்தாள்.

பரிசோதனைக்குச் சொட்டு விட்டதில் எல்லாமே மங்கல். கையைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறக்கினாள். அண்டை வீட்டுக் கதை, அவள் நாத்தனார் கதை, நடுநடுவே "படி... இன்னொண்ணு... இப்ப திரும்பணும்."

படி இருக்கிறதா என்று நான் காலால் தடவிப் பார்க்கவில்லை.